அமெரிக்கப் பங்கும் சூளகிரி மனையும்

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இந்தியக் கிளையில் வேலை செய்கிறேன். மூன்று வருடமாகச் சம்பளத்தோடு தாய் நிறுவனத்தின் பங்குகளும் தருகிறார்கள். வரியை அவர்களே பிடித்துவிடுகிறார்கள். இவற்றை விற்று சூளகிரி பக்கம் மனை வாங்க நினைக்கிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா? - வாசகர், ஓசூர்

பதில்: கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். உங்கள் பங்குக் கணக்கைத் திறந்து பாருங்கள். 40 பங்கு வந்த அன்றே 13 விற்கப்பட்டு, 27 மட்டும் மீதி என்பது போல இருக்கும். அந்த 13-ஐ விற்றுக் கட்டியது சம்பள வரி. அதோடு பங்கு விவகாரம் முடிந்துவிடுவதில்லை.

முதலில், வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று இருக்கும் 'எஃப்.ஏ.' அட்டவணை. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் அதில் காட்டியாக வேண்டும். இதற்கு ஐ.டி.ஆர்.-1 என்ற வரிக் கணக்குப் படிவம் உதவாது, ஐ.டி.ஆர்.-2 வேண்டும். நிதியாண்டுக் கணக்கும் இங்கே செல்லாது, ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக, வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

சரி, மனைக்கு வருவோம். அமெரிக்கச் சந்தையில் பட்டியலான பங்கு என்றாலும் நம் வரிச் சட்டத்துக்கு அது பட்டியலிடாத பங்கு. கைக்கு வந்து 24 மாதம் தாண்டியவற்றை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 'செஸ்' என்ற கூடுதல் வரியும். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம்தான். அதனால் பழைய பங்குகளை முதலில் விற்பது நல்லது. விற்ற பணம் முழுவதையும் வீட்டில் போட்டால் நீண்டகால லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. வெறும் மனை போதாது, மூன்று வருடத்துக்குள் அதில் வீடு கட்டி முடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு வைத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. விற்ற டாலரை அங்கேயே கிடக்க விடாதீர்கள். அந்நியச் செலாவணி விதிகள் அதற்குக் கெடு வைத்திருக்கின்றன.

பங்குக்கு நிறுவனம் தரும் டிவிடெண்டில் (ஈவுத்தொகையில்) அமெரிக்கா 25 சதவீதம் வரி பிடிக்கும். படிவம் 67 தாக்கல் செய்தால் இங்கே கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. அமெரிக்காவில் குடியிராத ஒருவர் இறந்தால், அவர் பெயரிலுள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டும்போது, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான அந்நாட்டு 'எஸ்டேட் வரி' 40 சதவீதம் வரை போகும். இதில் நமக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. எனவே அந்த அளவை நெருங்கும்போதெல்லாம் விற்றுக் குறைத்துவிடுங்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்கு விவரத்தை மனைவியிடமோ பெற்றோரிடமோ இன்றே சொல்லிவையுங்கள்.

கடந்த வருடங்களில் பங்குகளைக் காட்டாமல் விட்டிருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கணக்கு விவரங்கள் நம் வரித்துறைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024 நவம்பரிலேயே துறை பலருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டியது.