வாசகர் கேள்வி: பங்காளிகள் குழுவை மாற்றலாமா?

கேள்வி: முன்னோர்களுக்குச் சேர்ந்து படைப்பு (படையல்) போடும் எங்கள் பங்காளிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் என்று பிரிந்திருப்போரும் அதில்தான் இருக்கிறார்கள். அதை ‘அரட்டை’ செயலிக்கு மாற்றிவிடலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு வேரூன்றிய ஒன்றை எதிர்த்துப் புதியது நிற்குமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நிற்க முடியும், ஆனால், பழையது செய்வதையெல்லாம் தானும் செய்கிறது என்பதற்காக மட்டும் எதுவும் நின்றதில்லை. 2004 ஜனவரியில் வந்த ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்தது. அடுத்த மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குள் தொடங்கிய ஃபேஸ்புக், ஒவ்வொரு கல்லூரியாக விரிந்ததால், சேர்ந்தவருக்குத் தெரிந்த முகங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. பிற்பாடு அது ஆர்க்குட்டை முந்தியது. ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

ஆர்க்குட்டை நடத்திய அதே கூகுள், 2011-இல் கூகுள் பிளஸைக் கொண்டுவந்தது. உறவினரையும் அலுவலக நண்பர்களையும் தனித்தனி வட்டங்களாகப் பிரித்துவைக்கும் அதன் ஏற்பாடு மிக நேர்த்தியானது என்றே நான் இன்றும் சொல்வேன். இருந்தும், கணக்குகள் பெருகிய அளவுக்குப் பேச்சு பெருகவில்லை. பயனர் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து விநாடிகூட நீடிப்பதில்லை என்று 2018-இல் கூகுளே ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான சேவையை நிறுத்தியது.

ஸோஹோ நிறுவனத்தின் அரட்டை 2021-இலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில், மூன்றே நாட்களில், நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் 3,50,000 ஆக உயர்ந்ததாக ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். பெருமைக்குரிய செய்திதான். ஆனால், பதிவு செய்தவர் மறுநாள் காலையில் எந்தச் செயலியைத் திறக்கிறார் என்பதுதான் கேள்வி.

உங்கள் குழுவில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், விட்டுப்போனாலும் குறைதான். படைப்புத் தேதியை இளையவர்கள் புதிய செயலியில் அறிவிக்க, குரல் பதிவு அனுப்ப மட்டுமே பழகிய பினாங்கு ஆச்சி பழைய குழுவையே பார்த்துக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் எல்லாவற்றையும் இரண்டு இடத்திலும் போட வேண்டிவரும். அந்த ஒருவர் சலித்துப்போகும் நாளில் புதிய குழு ஓய்ந்துவிடும். ஆகவே, படைப்பு வேலைகளைப் பார்க்கும் நாலைந்து பேர் மட்டும் முதலில் அரட்டைக்குப் போகட்டும். பொது அறிவிப்புகள் இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கிறேன். புதிய தளங்களில் கடை போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போடுங்கள், ஆனால், வாங்குவோரின் தொலைபேசி எண்களை உங்கள் நோட்டிலும் எழுதிவையுங்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்களுக்குச் சேர்த்துவைத்த ரசிகர் கூட்டத்தோடு தொடர்பு ஒரே இரவில் அறுந்தது.