மலைக்குளிருக்கு எந்த கம்பூட் வாங்கலாம்? கேள்வி பதில்

ஊட்டியில் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கம்பூட் விற்பதோடு, கிழிந்து வருவதை ஒட்டியும் கொடுக்கிறேன். எது எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்பது அதனால் கண்ணுக்கு நன்றாகப் பழகிவிட்டது. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வெளிநாட்டு வீடியோக்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் ரப்பர் பூட்ஸைப் பார்த்தேன். உள்ளே குளிர் தாங்கும் அடுக்கு வைத்தது. விலை அதிகம்தான், ஆனால் நம் ஊர் பனிக்கு அது சரியாக இருக்குமா?

முதலில் அது யாருக்காகச் செய்தது என்று பாருங்கள் தம்பி. வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் கட்டிய பரணில், பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரில், மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் 800 கிராம், 1000 கிராம் தின்சுலேட் (குளிர் தாங்கும் செயற்கை இழை) அடுக்கு வைக்கிறார்கள். அந்த கிராம் கணக்கு பூட்ஸின் எடை கிடையாது. ஒரு சதுர மீட்டர் அடுக்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்வது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டை என்ற பேச்சே இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அசையாமல் நிற்கிற வேலை நம்மிடமும் உண்டு, இராக்காவல் மாதிரி.

நம் மலையில் ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி படியும், பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். 1000 கிராம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே கால் வேர்த்துவிடும். ரப்பர் வழியாக வேர்வை வெளியே போகாது. நீங்கள் நின்றதும் அந்த ஈரம்தான் காலைக் குளிர்விக்கும். கால் குளிர்கிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பனி கிடையாது, சாக்ஸுக்குள் இருக்கும் ஈரம். அதனால் நடக்கிற வேலை என்றால் அடுக்கு இல்லாத நல்ல ரப்பர் கம்பூட்டும் கம்பளி சாக்ஸும் போதும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், அது நனைந்தால் நனைந்ததுதான். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ செய்கிற வேலை என்றால் 3 முதல் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (நுரை போன்ற செயற்கை ரப்பர்) அடுக்கு வைத்ததைப் பாருங்கள். அதற்கு மேல் இங்கே தேவைப்படாது.

கேத்தி பாலாடாவிலிருந்து: அண்ணா, நாங்கள் விடியும் முன்பே கேரட் கழுவ நிற்கிறோம். கம்பூட் போட்டும் விரல்கள் மரத்துப்போகின்றன. கம்பளி வைத்தது வாங்கலாமா?

குளிர் தாங்கும் கம்பூட் யாருக்காவது கட்டாயம் வேண்டும் என்றால் அது உங்களுக்குத்தான். ஆனால் கம்பளி, ரோமத்துணி வைத்து ஒட்டித் தைத்தது வேண்டாம். கழுவுகிற இடத்தில் மேலிருந்து தண்ணீர் உள்ளே போகாமல் இருக்காது. ஒருமுறை நனைந்தால் இந்த மூடுபனியில் அது எப்போது காயும்? நியோப்ரீன் வேறு மாதிரி. அதற்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை, தண்ணீர் ஊறாது. உள்ளே கொட்டிப் போனாலும் கவிழ்த்துவிட்டுத் துடைத்தால் தீர்ந்தது. கம்பளிதான் வேண்டும் என்றால் வெளியே உருவி எடுக்கிற உள்பூட்ஸாக வாங்கி, இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுங்கள்.

சிமென்ட் தரை அடிப்பாதம் வழியாகச் சூட்டை உறிஞ்சும். கனமான ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) அட்டை ஒன்றை உள்ளே போட்டால் உடனே வித்தியாசம் தெரியும். நிற்கிற இடத்தில் ஒரு மரப்பலகை போட முடிந்தால் இன்னும் நல்லது. முன்னால் இரும்புத்தொப்பி வைத்த பூட்ஸ் உங்களுக்கு வேண்டாம், இரும்பு குளிரை விரலுக்குக் கொண்டுவரும். இறுக்கமான அளவும் வேண்டாம். ஃபெல்ட்டும் கம்பளி சாக்ஸும் போட்ட பிறகு விரல்களை ஆட்ட முடிய வேண்டும். காலை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும், எவ்வளவு அடுக்கு இருந்தாலும் சூடு வராது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உறைபனி இல்லாமலே, வெறும் ஈரக்குளிரில் மணிக்கணக்கில் நின்றாலே பாதம் பாதிக்கப்படும். முதலில் வெளுத்து மரத்துப்போகும், அப்புறம் சிவந்து எரியும். மரத்த காலை அடுப்பில் காட்டாதீர்கள், கொதிநீரிலும் வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாததால் வெந்துபோவது தெரியாது. துடைத்து, காய்ந்த துணியால் சுற்றி மெதுவாகச் சூடாக விடுங்கள். கொப்புளம் வந்தாலோ நிறம் மாறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடக் கூடாது.

எமரால்டு, தேயிலைத் தோட்டம்: இரண்டு வருடமாவது உழைக்கிற கம்பூட் வேண்டும் ஐயா. கடையில் எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் எடுத்துக் கணுக்கால் பக்கம் மடக்கிப் பாருங்கள். பி.வி.சி. என்றால் பளபளப்பாக, விறைப்பாக இருக்கும், மடித்த இடம் மெதுவாகத்தான் நிமிரும். இயற்கை ரப்பர் மங்கலாக, மெத்தென்று இருக்கும், விட்டதும் நிமிர்ந்துவிடும். பி.வி.சி. குளிரில் இன்னும் விறைக்கும். உட்கார்ந்து எழுந்து வேலை செய்கிறவர்கள் மடக்குகிற இடம் கணுக்கால்தான், ஊட்டிக் குளிரில் அது விரிசல் விடுவது அங்கேதான். விரிசல் விட்டால் டியூப் ஒட்டுகிற மாதிரி ஒட்ட முடியாது. ரப்பரை ஒட்டலாம். விலை கூடுதலாக இருந்தாலும் அதனால்தான் ரப்பரைச் சொல்கிறேன்.

முத்திரையும் பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்பது இந்தியத் தர எண். அடுத்து, கடையில் எவ்வளவு நாள் கிடந்தது என்று பார்க்க வேண்டும். மடித்த இடத்தில் மயிரிழை போல விரிசல் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ பழைய சரக்கு, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ரப்பரைக் காப்பாற்றச் சேர்த்த மெழுகு வெளியே வந்தது. துடைத்தால் போய்விடும்.

பி.வி.சி. எங்கே நல்லது என்றும் சொல்ல வேண்டும். டீசல், பெட்ரோல், கிரீஸ் படுகிற வேலைக்கு இயற்கை ரப்பர் ஆகாது, உப்பி நைந்துவிடும். கவாத்து மெஷினுக்கு எண்ணெய் ஊற்றும்போது பூட்ஸ் மேல் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் பக்கம் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கம்பூட் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓடையில் இறங்காதீர்கள். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் நிறைந்தால் காலைத் தூக்கவே முடியாது.

தேவர்சோலையிலிருந்து: அட்டைக்கும் பாம்புக்கும் கம்பூட் போதுமா?

கூடலூர் பக்கம் குளிர் அடுக்கே வேண்டாம், முழங்கால்வரை உயரம்தான் முக்கியம். அட்டை பூட்ஸ் மேலேயும் ஏறி வரும். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸை பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டி, அதன் மேல் கம்பூட் போடுங்கள். சாக்ஸின் மேல்பகுதியில் புகையிலைத் தூளோ உப்போ தேய்க்கலாம், மழையில் கரைந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும்.

பாம்பு விஷயத்தில் கனமான ரப்பர் கடியின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விரியன் வகைகளுக்குப் பல் நீளம். இரவில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். கடித்தால் அறுப்பது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாமல் நேராக ஆஸ்பத்திரி. காலையில் போடும் முன் கவிழ்த்து உதறுவதும் தினசரிப் பழக்கமாக இருக்கட்டும், தேள் உள்ளே போய்ப் படுத்திருக்கும்.

குன்னூரிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, பெண்களுக்கு அளவே கிடைப்பதில்லை. பெரியதைப் போட்டால் குதிகால் வழுக்குகிறது, விளிம்பு கெண்டைக்காலில் உரசிப் புண்ணாகிறது.

பையன்களுக்கு வரும் சின்ன அளவைக் கேளுங்கள், கடைக்காரர் வைக்கவில்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். கொழுந்து எடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம், அவர்கள் அளவை வைக்காமல் கடை நடத்துவது நியாயமே இல்லை. சாயங்காலம், வீங்கிய காலோடு, வேலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். உரசுகிற விளிம்பை வெட்டிக் குறைக்கலாம். பல பூட்ஸ்களில் அதற்கென்றே மேலே வரிகள் இருக்கும், அந்த வரி மேலேயே வெட்டினால் கிழியாது.

மன்னவனூர், பூண்டு விவசாயி: சரிவில் வழுக்குகிறது.

அடியில் பல் ஆழமாகவும், பல்லுக்குப் பல் இடைவெளி அகலமாகவும் இருக்க வேண்டும். நெருக்கமான பல்லில் சேறு அப்பிக்கொள்ளும், அப்புறம் பல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மருந்து அடிக்கும்போது பேன்ட்டை உள்ளே விட வேண்டுமா, வெளியே விட வேண்டுமா? (பூம்பாறை)

வெளியே. உள்ளே விட்டால் பேன்ட்டில் வழியும் மருந்து நேராக பூட்ஸுக்குள் போய் நாள் முழுக்கத் தோலில் ஊறும். அட்டைக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொடைக்கானல், உருளைக்கிழங்கு: தினமும் கழுவ வேண்டுமா? சேறு தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடுகிறதே.

அந்த உதிர்கிற மண்தான் எனக்குக் கவலை. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை நீலகிரியில் 1961இல் கண்டுபிடித்தார்கள், கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். தானாக அது வெகுதூரம் போகாது. விதைக்கிழங்கிலும் மண்வெட்டியிலும் நம் பூட்ஸ் பல்லில் ஒட்டிய மண்ணிலும்தான் அடுத்த காட்டுக்கு, அதாவது அடுத்த வயலுக்குப் போகிறது. கூலிக்கு நாலு காட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு காட்டின் ஓரத்திலும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். காட்டுக்காரர்கள் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் வைத்துக் கொடுங்கள்.

கழுவிய பிறகு நிழலில், நிமிர்த்தி, உள் அட்டையை உருவி வைத்துக் காயவிடுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுக்கும். அடுப்பு மேலே தொங்கவிட்டால் ரப்பர் விறைத்து வெடிக்கும். வெயிலும் ஆகாது.

ஓட்டையை வீட்டிலேயே அடைக்கலாமா? (கப்பத்தொரை)

ரப்பர் என்றால் அடைக்கலாம். பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றி எங்கே கசிகிறது என்று பார்த்துக் குறியிடுங்கள். நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கித் தூசியைத் துடையுங்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனைப் பூட்ஸிலும் பேட்சிலும் மெல்லிசாகத் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம் ஒட்டி அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பேட்ச் பிய்ந்து வருகிறது. கணுக்கால் மடிப்பில் ஓட்டை என்றால் பேட்ச் பெரிதாக, வட்டமாக இருக்கட்டும், மூலை இருந்தால் அங்கிருந்து உரியும். ஒரு இரவு கனம் வைத்துவிட்டு மறுநாள் போடுங்கள்.