பழைய சீன வீடுகளைப் பெயர்த்தெடுத்து வேறு இடத்தில் நிறுத்துவது எப்படி?

இடம்பெயர்த்தல் என்றால் கட்டடத்தை அப்படியே தூக்கிச் செல்வதன்று. பாகம் பாகமாகக் கழற்றி, எண்ணிட்டு, வேறிடத்தில் அதே வரிசையில் மீண்டும் பூட்டுவது.

இது முடிவதற்குக் காரணம், அங்கே கூரையின் பாரத்தைச் சுமப்பது சுவர் அல்ல, மரச்சட்டகம். உத்தரத்தின் முனையைச் செதுக்கித் தூணின் துளைக்குள் செருகியிருப்பார்கள். "சுவர் இடிந்தாலும் வீடு சாயாது" என்று சீனர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. வீடு மாறும்போது பழைய தேக்குக் கட்டிலைக் கழற்றுகிறோமே, அதே கதைதான். எந்தக் கால் எந்த மூலைக்கு என்று குறித்து வைக்க மறந்தவருக்குத் தெரியும், அந்த எண்களின் அருமை.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு யின் யூ தாங். அன்ஹுய் மாகாணத்தில் ஹுவாங் என்னும் வணிகக் குடும்பம் 1800-ஐ ஒட்டிக் கட்டிய வீடு. படுக்கையறைகள் மட்டும் 16. 1997-இல் பிரித்து, அமெரிக்காவின் சேலம் நகரிலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2003-இல் திறந்தார்கள். முற்றத்து மீன்தொட்டிகளும் கூடவே போயின. மாவோ காலத்து ஒலிபெருக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை! நடிகர் ஜாக்கி சான் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அளித்த நான்கு பழங்கட்டடங்களும் இவ்வாறு போனவையே.

"ஓர் ஆணிகூட இல்லாத கட்டடம்" என்று பலர் எழுதுகிறார்கள். தூண், உத்தர இணைப்புகளுக்குத்தான் அது பொருந்தும், கூரையின் கைமரங்களைப் பொதுவாக இரும்பாணி அடித்தே பொருத்தினார்கள்.