வேறொருவர் சட்டையில் அண்ணன்: மனநல இல்லத்திடம் எதைக் கேட்கலாம், எங்கே முறையிடலாம்?

கேள்வி: என் அண்ணனுக்கு 47 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறார். அம்மா இருந்தவரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். அம்மா மறைந்த பிறகு, எட்டு மாதங்களுக்கு முன்பு, தனியார் மனநல மறுவாழ்வு இல்லம் ஒன்றில் சேர்த்தேன். முன்பணம் 1,00,000 ரூபாய், மாதக் கட்டணம் 24,000 ரூபாய். முதல் மூன்று மாதம் நேரில் பார்க்கவும் போனில் பேசவும் கூடாது என்றார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது அண்ணனுக்கு மொட்டையடித்திருந்தார்கள். அவர் போட்டிருந்தது வேறு யாருடைய சட்டையோ. இன்றுவரை 9 கிலோ இளைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் ஓர் ஊழியர் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். "ராத்திரி தூங்காமல் நடந்துகொண்டே இருந்தார், இரண்டு நாள் தனி அறையில் போட்டுப் பூட்டினோம்" என்று அவரே இயல்பாகச் சொன்னார். 'மருந்து மற்றும் இதர செலவு' என்று மாதம் 5,000, 6,000 ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள். மருந்துக்கடை ரசீது தருவதில்லை. இடையில் அழைத்துப் போனால் முன்பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இதெல்லாம் வழக்கம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் எதிர்த்துக் கேட்டால் அண்ணனைத்தான் கஷ்டப்படுத்துவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இதை வழக்கம் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது அந்தப் பூட்டிய அறை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ள ஒருவரைத் தனிமைச் சிறையாக அடைத்துவைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதற்கும், அவருக்கோ மற்றவருக்கோ அந்த நிமிடமே தீங்கு நேரும் என்ற நிலையில், வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைப்படும் நேரம் வரை மட்டுமே இடமுண்டு. அதுவும் தண்டனையாக இருக்கக் கூடாது. காரணமும் நேரமும் மருத்துவக் குறிப்பில் பதிவாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை விஷயங்களில் அவர் சார்பில் பேசும் பொறுப்புள்ளவருக்கு, தகவல் வர வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் குற்றம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். இரவில் நடக்கிறார் என்பதற்காக ஒருவரைப் பூட்டிவைக்கும் இல்லத்தில், தீயோ வெள்ளமோ வந்தால் அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இரவில் தூங்காமல் நடப்பது பல நேரங்களில் மருந்தின் பக்க விளைவாகவே இருக்கும். கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க விடாத அந்தத் தவிப்பை மருத்துவர் அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ தணிக்க முடியும். பூட்டு அதற்கு மருந்தாகாது.

மொட்டையும் சட்டையும் சிறிய விஷயங்கள் அல்ல. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது, அவரவர் விரும்பினால் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம், அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. நான் பார்த்த ஓர் இல்லத்தில் ஒவ்வொருவர் சட்டைக் காலரின் உட்புறத்திலும் அவரவர் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். துவைத்து வந்த துணிக் குவியலில் தன் சட்டையைத் தேடி எடுத்து மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நூலுக்குச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. யாருக்கு எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் இடத்தில், கண்ணாடியும் பல் துலக்கும் பிரஷும் மாத்திரையும் உரியவருக்குச் சரியாகப் போய்ச் சேருகின்றனவா என்று நான் சந்தேகப்படுவேன்.

எடை குறைந்ததைத் தனியாகவே விசாரியுங்கள். மனச்சிதைவுக்கான மருந்துகளில் பல, எடையைக் கூட்டும் இயல்புடையவை. அவற்றைச் சாப்பிடும் ஒருவர் சில மாதங்களில் 9 கிலோ இளைத்திருக்கிறார் என்றால், போதிய உணவு கிடைக்கவில்லை, அல்லது சர்க்கரை, தைராய்டு, காசநோய் போன்ற வேறொரு நோயை யாரும் பார்க்கவில்லை என்ற இரண்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாதாந்திர எடைப் பதிவு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், தற்போதைய மருந்துகளின் பெயரும் அளவும், மனநல மருத்துவர் நேரில் வந்து பார்த்த தேதிகள் ஆகியவற்றின் நகல்களை எழுத்தில் கேளுங்கள். அண்ணன் குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைச் சாப்பிடுகிறார் என்றால் தொடக்கத்தில் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்த்திருக்க வேண்டும். லித்தியம் என்றால் இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்திருக்க வேண்டும். 'நன்றாக இருக்கிறார்' என்று அலுவலகத்தில் சொல்வதை இவற்றுக்குப் பதிலாக ஏற்காதீர்கள்.

இவற்றைக் கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டு. அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் உங்களைத் தன் நியமனப் பிரதிநிதியாகக் குறிப்பிட்டுக் கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும். அப்படி எழுதித் தராத நிலையிலும் உறவினர் என்ற முறையில் அந்தப் பொறுப்புக்கு உங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது. பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் அவருக்கு உரிமை இருப்பதால், 'மூன்று மாதம் பார்க்கக் கூடாது' என்ற பொது விதிக்குச் சட்டத்தில் இடமில்லை. அடுத்த முறை போகும்போது ஊழியரிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, "நாங்கள் இருவரும் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் வளாகத்துக்கு வெளியே ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். பணம் கட்டுவது நீங்கள், அங்கே வாழ்வது அவர். சேவை எப்படி இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அவர்தான். நோய் இருக்கிறது என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் பிதற்றல் ஆகிவிடாது. எத்தனை மணிக்குச் சாப்பாடு, இரவில் யார் இருக்கிறார்கள், எந்த அறையில் பூட்டினார்கள் என்று சிறு சிறு கேள்விகளாகக் கேளுங்கள்; பதில் வரும்வரை காத்திருங்கள்.

அவர் எந்த அடிப்படையில் அங்கே இருக்கிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தானே சம்மதித்துச் சேர்ந்தவர் என்றால், விரும்பும்போது வெளியேறலாம். பிறர் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர் என்றால் முதல் அனுமதி 30 நாளுக்கு மட்டுமே. அதைத் தாண்டி 90, 120, 180 நாட்கள் என நீட்டிக்க ஒவ்வொரு முறையும் மருத்துவ மதிப்பீடும், இதே சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். எட்டு மாதத்துக்கான அந்தக் காகிதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முறையீட்டை இந்த வரிசையில் கொண்டுபோங்கள். முதலில் இல்லத்தின் பொறுப்பு மருத்துவருக்கு, தேதி குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். சரியான பதில் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், அதன் பிறகு மாநில மனநல ஆணையத்துக்கும் போகலாம். வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு இல்லமும் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வாரியத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவியும் கிடைக்கும். உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறையாவது, சொல்லாமல், வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள் என்கிறேன். யாரோ ஒருவர் தொடர்ந்து வந்து கேட்கிறார் என்று தெரிந்த நோயாளியிடம் கை ஓங்கத் தயங்குவார்கள்.

இனி, பணம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி பணம் கட்டிய நீங்கள் மட்டுமல்லாமல், சேவையைப் பெறும் அண்ணனும் நுகர்வோரே. ரசீது தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. கவனிப்பில் காட்டிய அலட்சியம் சேவைக் குறைபாடு. இவ்விரண்டுக்கும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. முன்பணத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும் நிபந்தனையையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்ப்பதானால், அதை மாநில ஆணையத்தில்தான் தொடர வேண்டும். முதற்கட்ட உதவிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது. ஆனால் நுகர்வோர் வழக்குக்கு நாளாகும். முன்பணத்துக்காக அண்ணனை இன்னொரு மாதம்கூட அங்கே விட்டுவைக்காதீர்கள்.

அழைத்து வரும்போது மருத்துவச் சுருக்கத்தையும் மருந்துச் சீட்டையும் கட்டாயம் வாங்குங்கள். மாதாந்திர ஊசி போடுகிறார்கள் என்றால் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்காக நீண்டகால மனநல இல்லம் ஒன்றைத் தேடுகிறோம். நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், சென்னை

பதில்: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள், பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறையே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிறகு மாலை 4 மணிக்குப் போங்கள். காலை வேளையில் எல்லா இடமும் ஒழுங்காகத்தான் இருக்கும். மாலையில்தான் அங்கே உள்ளவர்களுக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா, சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா என்பது தெரியும். கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டியவற்றைத் தயங்காமல் கேட்டு வாங்க முடிகிறதா, இரவுப் பணியில் பெண் ஊழியர் எத்தனை பேர் என்று பாருங்கள். அங்குள்ளவர்கள் சமையல், துப்புரவு வேலை செய்தால் அவர்களுக்குக் கூலி தரப்படுகிறதா என்று கேளுங்கள். கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்யும் வேலைக்கு உரிய கூலி தர வேண்டும் என்பது சட்டம்.

பெரிய இல்லம்தான் ஒரே வழி என்றும் நினைத்துவிட வேண்டாம். சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, உதவிக்கு ஒரு பணியாளருடன், சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் வாழும் 'ஹோம் எகெய்ன்' ஏற்பாட்டை நடத்துகிறது. உங்கள் மகள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, பார்க்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.