1971 டாப்ஸ் பேஸ்பால் செட் (அமெரிக்க டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டக்காரர் படக் கார்டுகள்): 752 கார்டுகளையும் சேர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: 1 முதல் 400 வரை பாதிக்கு மேல் கையில் இருக்கிறது. எண் வரிசைப்படியே வாங்கிக்கொண்டு போகலாமா?

வேண்டாம், பின்னாலிருந்து வாருங்கள். அந்தக் காலத்தில் டாப்ஸ் முழு செட்டையும் ஒரே நாளில் வெளியிடாது. ஆட்டப் பருவம் முழுக்கத் தொகுதி தொகுதியாகக் கடைக்கு வரும். 1971-இல் ஆறு தொகுதிகள். கடைசித் தொகுதியான 644–752 வந்தபோது பருவம் முடியும் நேரம். பிள்ளைகளின் கவனம் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் திரும்பியிருக்கும், கடைக்காரர்களும் குறைவாகவே எடுப்பார்கள். அதனால் இந்த 109 கார்டுகள்தான் எல்லோருக்கும் கடைசியில் மிஞ்சும். அதற்கு முந்தைய 524–643 தொகுதியும் கொஞ்சம் கடினம்.

மாதாமாதம் ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த உயர் எண்களுக்கே போகட்டும். அச்சுத் தாளில் குறைவான இடம் பிடித்த கார்டுகளை விலைப்பட்டியல்களில் எஸ்.பி. என்று குறித்திருப்பார்கள், நல்ல நிலையில் கண்ணில் பட்டால் தள்ளிப் போடாதீர்கள். டஸ்டி பேக்கர், டான் பேய்லர், டாம் பசியோரக் மூவரும் சேர்ந்து இருக்கும் 709-ஆம் எண் அறிமுகக் கார்டு (ஆட்டக்காரரின் முதல் கார்டு), உயர் எண்ணும்கூட. அதற்குத் தனியாகச் சேமியுங்கள். தொடக்க எண்களின் சாதாரண ஆட்டக்காரர்களை மொத்தமாக, நூறு இருநூறாக வாங்குவதே மலிவு.

கேள்வி: 5-ஆம் எண் முதல் தொகுதிதானே? அது ஏன் அவ்வளவு விலை?

அது தர்மன் மன்சன் என்ற ஆட்டக்காரரின் கார்டு. கிடைக்காத கார்டு அல்ல, கேட்பவர்கள் அதிகம். நோலன் ரயன் (513), கிளெமெண்டே (630), வில்லி மேஸ் (600), ஹேங்க் ஆரன் (400) ஆகிய நட்சத்திரங்களின் கார்டுகளும் அப்படியே. இவற்றை அவசரப்பட்டு வாங்கத் தேவையில்லை. எப்போதும் யாராவது விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கேள்வி: ஓரத்தில் மார்க்கர் பூசியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த செட்டில் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். முன்பக்கம் முழுக்கக் கறுப்பு ஓரம். மை மேல்மட்டத்தில் மட்டுமே இருப்பதால் கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்து அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். அதை மறைக்கச் சிலர் கறுப்பு மார்க்கரால் தொட்டுவிடுகிறார்கள்.

முதலில் கார்டின் விளிம்பை, அதாவது கனத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த பிறகுதான் வெட்டினார்கள். ஆகவே விளிம்பு வெறும் அட்டை நிறத்தில் இருக்க வேண்டும். அங்கே கறுப்பு இறங்கியிருந்தால் யாரோ பூசியிருக்கிறார்கள். அடுத்து, விளக்கின் கீழ் கார்டைச் சாய்த்துப் பாருங்கள். அசல் மை ஒரே மாதிரி மினுங்கும். மார்க்கர் பட்ட இடம் மங்கலாகவோ ஊதா சாயலாகவோ தனித்துத் தெரியும். பின்புற மூலைகளையும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள், மை கசிந்திருக்கும்.

இணையத்தில் வாங்கும்போது நான்கு விளிம்புகளின் படத்தையும் கேளுங்கள். மூலை மழுங்கியிருக்க, கறுப்பு மட்டும் முழுசாக இருந்தால் வாங்காதீர்கள். மூலை தேய்ந்தால் மையும் கூடவே போயிருக்க வேண்டும்.

கேள்வி: வெட்டிச் சுருக்கிய கார்டு?

சரியான அளவு 2½ × 3½ அங்குலம். அதே ஆண்டின் மலிவான கார்டு ஒன்றின்மேல் வைத்து நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். தொழிற்சாலையிலேயே மயிரிழை வித்தியாசம் வரும், அதனால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று விளிம்பு பழசாகவும் ஒன்று மட்டும் புதிதாய்ப் பளிச்சென்றும் இருந்தால் அது வெட்டியது.

கேள்வி: எந்தத் தரத்தில் சேர்ப்பது நல்லது?

என் கருத்தில், கார்டுகளுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 10 வரையான அளவுகோலில் 5 அல்லது அதற்கு ஒப்பான நிலை. கறுப்பு ஓரம் காரணமாக 8-க்கு மேல் போனால் சாதாரண ஆட்டக்காரருக்கே விலை எகிறும். எதைத் தேர்ந்தாலும் முழுக்க அதிலேயே நில்லுங்கள். 7-ம் 3-ம் கலந்த செட் பக்கம் புரட்டும்போதே கண்ணை உறுத்தும். செக்லிஸ்ட் கார்டுகளில் (செட்டின் எண் பட்டியல் அச்சிட்டவை) பேனா டிக் இல்லாததைத் தேடுங்கள்.

கேள்வி: பின்பக்கத்தில் பிரெஞ்சு எழுத்துள்ள கார்டு வந்தது. போலியா?

போலி இல்லை. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவன வெளியீடு. ஆனால் அது வேறு செட், உங்கள் எண்ணிக்கையில் சேராது. மாற்றிக்கொள்ளக் கைவசம் வைத்திருங்கள்.

கேள்வி: முன்பக்கத்தில் பாக்கெட் உறையின் மெழுகுக் கறை இருக்கிறது, எடுக்கலாமா?

சுத்தமான நைலான் ஸ்டாக்கிங் துணியால் படத்தின் மேல் மட்டும் மெல்லத் தேய்க்கலாம். கறுப்பு ஓரத்தில் படவே கூடாது. பின்பக்க அட்டை மெழுகை உறிஞ்சிவிடும், அங்கே விட்டுவிடுங்கள். தண்ணீர், கரைப்பான் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எதில் வைப்பது?

ஒன்பது பை கொண்ட பாலிப்ரொப்பிலீன் பக்கங்கள், 752-க்கு 84 பக்கம் வேண்டும். பி.வி.சி. பக்கங்கள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். டி வடிவ வளையமுள்ள ஃபைல் வாங்குங்கள். வட்ட வளையம் உள்பக்க வரிசையை அழுத்தித் தடம் போடும். இரண்டு ஃபைலாகப் பிரித்து நிறுத்தி வையுங்கள். பையில் நுழைக்கும்போது கறுப்பு மூலை உரசி உதிரும், ஆகவே விலை கூடியவற்றை முதலில் மெல்லிய உறையிலும் பிறகு டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலும் போட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். ஃபைலில் அந்த இடத்தில் எண் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.