வாரயிறுதி வீடுகளின் குப்பைக்கு யார் பணம் கட்டுவது?

விடுமுறைக் காலத்தில் வாடகைக்கு விடப்படும் வீடுகளிடம் உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் குப்பைக் கட்டணம் குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களும் ஊர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மலைநகர் ஒன்றில் எங்களுக்கு மூன்று படுக்கையறை கொண்ட வீடு உள்ளது. சீசனிலும் நீண்ட வாரயிறுதிகளிலும் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும். இந்த ஆண்டு எங்கள் வீட்டை வணிகப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, பக்கத்து வீட்டார் கட்டுவதைவிடப் பல மடங்கு குப்பைக் கட்டணம் கேட்கிறார்கள். ஆண்டில் மூன்று மாதமே குப்பை சேரும் வீட்டுக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் நியாயமா?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பார்ப்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். பக்கத்து வீட்டில் நான்கு பேர் ஆண்டு முழுவதும் வசிக்கிறார்கள் என்றால், 365 நாட்களுக்கு 1,460 ஆள்-நாட்கள் ஆகின்றன. உங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் வீதம் 90 நாட்கள் தங்குகிறார்கள் என்றால் மொத்தம் 900 ஆள்-நாட்கள். குப்பையின் அளவு தங்குபவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று கொண்டால், ஆண்டுக் கணக்கில் உங்கள் வீடு பக்கத்து வீட்டைவிடக் குறைவாகவே குப்பை சேர்க்கிறது. இந்த அளவில் பல மடங்குக் கட்டணம் என்பது விளக்கம் தரப்பட வேண்டிய ஒன்றுதான்.

ஆனால் குப்பை அள்ளும் செலவு, ஆண்டின் மொத்த எடையை மட்டும் பார்த்து வருவதில்லை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்து வீட்டில் நான்கு பேரின் குப்பை என்றால் உங்கள் வீட்டில் பத்துப் பேரின் குப்பை; உங்களைப் போன்ற எல்லா வீடுகளும் அதே நாளில்தான் நிறைந்திருக்கின்றன. எனவே, ஊருக்கு எத்தனை வண்டிகள், எத்தனை தூய்மைப் பணியாளர்கள், கிடங்கில் எவ்வளவு இடம் தேவை என்பதை உள்ளாட்சி அமைப்பு அந்த உச்ச நாளை வைத்தே முடிவு செய்தாக வேண்டும். வாங்கிய வண்டிக்கும் அமர்த்திய பணியாளருக்கும் ஆகும் செலவு, உங்கள் வீடு பூட்டப்பட்ட ஜூலை மாதத்தில் நின்றுவிடுவதில்லை. பயணிகளின் குப்பை பெரும்பாலும் தரம் பிரிக்கப்படாமல், உணவுப் பொட்டலங்களும் புட்டிகளும் மிச்ச உணவும் ஒரே பையில் கட்டி வைக்கப்பட்டு வருகிறது என்பதையும் மலைநகர்களில் பணியாற்றுவோர் எவரும் சொல்வர். அதைப் பிரிக்கும் வேலைக்கும் கூலி உண்டு.

ஆகவே, என் கருத்தில் நியாயமான கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும். வீட்டின் கொள்ளளவை, அதாவது எத்தனை பேர் தங்க முடியும் என்பதை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் நிலையான பகுதி ஒன்று. உண்மையில் எத்தனை இரவுகள் வாடகைக்கு விடப்பட்டன என்பதைப் பொறுத்து மாறும் பகுதி மற்றொன்று. முதல் பகுதியில் நீங்கள் பக்கத்து வீட்டாரைவிடக் கூடுதலாகக் கட்டுவது முறையே. இரண்டாம் பகுதியை, வீடு பூட்டியிருந்த மாதங்களுக்கும் சேர்த்து வாங்குவதுதான் முறையற்றது.

இத்தாலியில் 2014 முதல் நடைமுறையில் உள்ள டாரி என்னும் குப்பை வரி ஏறத்தாழ இந்த அமைப்பிலேயே, நிலையான பகுதியும் மாறும் பகுதியுமாக வகுக்கப்பட்டுள்ளது. பருவகாலத்தில் மட்டும் பயன்படும் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் சலுகை தர நகராட்சிகளுக்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் சலுகை தரலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. இதற்கு முந்தைய வரி நடைமுறையில் இருந்தபோது, நேப்பிள்ஸ் நகரை அடுத்த கசோரியாவில் சில ஓட்டல்கள் உங்களுடையதைப் போன்ற வழக்கையே தொடுத்தன. அறைகள் எவ்வளவு நிரம்புகின்றன, தொழில் பருவகாலத்தைச் சார்ந்ததா என்பதையெல்லாம் பாராமல், வீடுகளைவிடக் கூடுதல் விகிதத்தில் வரி விதிக்கிறார்கள் என்பது அவர்களின் முறையீடு. ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஜூலை 16 அன்று அளித்த தீர்ப்பில், ஒவ்வொருவரும் போடும் குப்பையைத் துல்லியமாக அளப்பது கடினமும் செலவு மிக்கதும் ஆகையால், பரப்பளவையும் பயன்பாட்டையும் வைத்து மதிப்பிட்டு வரி விதிப்பதில் தவறில்லை என்றது. அதே மூச்சில், அந்தச் சுமை அவர்கள் உண்டாக்கக்கூடிய குப்பையின் அளவுக்கும் தன்மைக்கும் வெளிப்படையாகவே பொருந்தாததாக இருக்கக் கூடாது என்றும் வரம்பிட்டது. இந்திய அலுவலகம் எதையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆயினும் வாதத்தின் எல்லை எதுவரை என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. மதிப்பீடு செய்யக் கூடாது என்று நீங்கள் வாதிட முடியாது. மதிப்பீடு பொருந்தவில்லை என்று வாதிடலாம்.

நம் நாட்டிலும் மதிப்பீடே வழக்கம். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் குடியிருப்புகளுக்கு விதிக்கப்பட்ட மாதக் கட்டணம் கட்டடப் பரப்பை வைத்து, 600 சதுர அடி வரை 10 ரூபாயில் தொடங்கி, 4,000 சதுர அடிக்கு மேல் 400 ரூபாய் வரை செல்கிறது. பெரிய வீட்டில் தனியே வாழும் முதியவர் அதிகமாகவும் சிறிய வீட்டில் நெருக்கியடித்து வாழும் குடும்பம் குறைவாகவும் கட்டும் முறை இது. வசூலிப்பவருக்கு எளிது என்பதே இதன் முதன்மையான சிறப்பு.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். எந்தத் துணைவிதியின்கீழ், எந்த வகைப்பாட்டில் இந்தத் தொகை விதிக்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள். தங்குவோர் பதிவேட்டின் படியையும் மின்கட்டண ரசீதுகளையும் இணைத்து, வீடு பூட்டியிருந்த மாதங்களுக்குக் குறைப்புக் கோரி மனு கொடுங்கள். பதிவேட்டைக் காட்டத் தயங்குவீர்களானால், குறைப்பை எதிர்பார்ப்பதற்கில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் பாதி வீடுகள் இணையச் செயலிகள் வழியாக நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிறோம். ஞாயிறு மாலை பயணிகள் புறப்பட்டதும் தெருமுனையில் மூட்டைகள் குவிகின்றன. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கட்டணம்தான். இது எந்த ஊர் நியாயம்?

பதில்: முந்தைய கடிதத்தை எழுதியவர் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் வருந்துகிறார், உங்கள் தெருவில் உள்ளவர்களோ பட்டியலுக்கே வரவில்லை. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் உள்ள மிகப் பெரிய அநீதி இதுதான். முறையாகப் பதிவு செய்தவர் வணிகக் கட்டணம் கட்ட, பதிவே செய்யாமல் செயலியில் படம் போட்டு வாடகை வாங்குபவர் குடியிருப்புக் கட்டணத்தோடு தப்பித்துக்கொள்கிறார். கட்டண விகிதத்தை உயர்த்துவதற்கு முன், செயலிகளில் உள்ள அறிவிப்புகளை வைத்து அந்த வீடுகளைக் கண்டறிவதே உள்ளாட்சி அமைப்பு முதலில் செய்ய வேண்டிய வேலை. விலாசம் முழுமையாக இல்லாவிட்டாலும், வாசற்படமும் வரைபடமும் உள்ள அறிவிப்பைப் பார்த்து வார்டுப் பணியாளரால் வீட்டை அடையாளம் காட்ட முடியும்.

எனினும் பணத்தால் மட்டும் உங்கள் தெருமுனை சுத்தமாகிவிடாது. பயணிகள் ஞாயிறு பிற்பகல் புறப்படுகிறார்கள். வண்டி திங்கள் காலையில்தான் வருகிறது. இடைப்பட்ட இரவில் மூட்டைகளை நாய்களும் குரங்குகளும் கிழிக்கின்றன. நீலகிரியில் கரடியும் காட்டுமாடும் குடியிருப்புகளுக்குள் வருவதற்கு இத்தகைய மூட்டைகளும் ஒரு காரணம். வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள தொட்டி வைத்து, வண்டி வரும் நேரத்தில் பிரித்த குப்பையைக் கொடுக்க ஒரு காவலாளியையோ பணிப்பெண்ணையோ பொறுப்பாக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம். அப்படிச் செய்யும் உரிமையாளருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தால், அதை எதிர்க்க உங்கள் தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் பண்ணை வீட்டுச் சாலைக்குக் குப்பை வண்டி வருவதே இல்லை. நாங்களே ஆள் வைத்து அப்புறப்படுத்துகிறோம். சேவையே இல்லாதபோது கட்டணம் கட்ட மறுக்கலாமா?

பதில்: மறுப்பதற்கு முன், உங்களிடம் கேட்கப்படுவது வரியா கட்டணமா என்று பார்க்க வேண்டும். வரி என்பது பொதுச் செலவுக்காக வாங்கப்படுவது. இன்ன சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. கட்டணமோ ஒரு சேவைக்காக வாங்கப்படுவது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954-இல் சிரூர் மடம் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. சென்னை மாகாண இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி மடங்களும் கோயில்களும் தம் வருமானத்தில் 5 சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்றிருந்த பிரிவை, அத்தொகைக்கும் செய்யப்படும் சேவையின் செலவுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை, அது பொது நிதியில் கலந்துவிடுகிறது, எனவே அது கட்டணம் அல்ல, வரியே என்று கூறி நீதிமன்றம் செல்லாததாக்கியது. பிற்காலத்தில், குறிப்பாக ஆந்திரத்துச் சந்தைக் கட்டணம் பற்றிய 1983-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இந்தப் பிடி தளர்ந்தது: கொடுத்த ரூபாய்க்கு ஈடான சேவையை அணுஅணுவாகக் காட்ட வேண்டியதில்லை, பரந்த அளவில் தொடர்பு இருந்தால் போதும் என்பது இன்றைய நிலை.

இதை உங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு வாரம் வண்டி வரவில்லை என்பது வாதமாகாது; உங்கள் பகுதிக்குச் சேவையே வழங்கப்படவில்லை என்பது வலுவான வாதம். இத்தாலியச் சட்டம் இதை வழக்குக்கு விடாமல் எண்ணிலேயே எழுதி வைத்திருக்கிறது. குப்பை சேகரிப்பு நடைபெறாத பகுதிகளில் வரி, வழக்கமான தொகையில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைபெற வேண்டிய சேவை அறவே நடைபெறாவிட்டாலோ விதிகளைக் கடுமையாக மீறி நடைபெற்றாலோ 20 சதவீதம்தான் உச்சம். நம் துணைவிதிகளிலும் இப்படி ஒரு வாசகம் இருந்தால் எத்தனையோ மனுக்கள் மிச்சமாகும். அதுவரை, கட்டாமல் இருந்து நிலுவையும் அபராதமும் சேர்த்துக்கொள்வதைவிட, ஆட்சேபத்தைப் பதிவு செய்து கட்டிவிட்டு, வண்டி வராத நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு முறையிடுவதே புத்திசாலித்தனம். இன்னொன்று: நீங்கள் அமர்த்திய ஆள் அந்தக் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் விடுமுறை வாடகைக்கு விடும் சிறு வீடு வைத்திருக்கிறேன். வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது, வணிகக் குப்பை ஒப்பந்தம் செய்துகொள் என்கிறது உள்ளூர் மன்றம். அதே சமையலறைக் குப்பைதானே?

பதில்: குப்பை அதே குப்பைதான், சட்டம் பார்ப்பது அது எப்படி உண்டானது என்பதை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2012-ஆம் ஆண்டு விதிகள், தொழிலாக நடத்தப்படும் தானே-சமைத்து-உண்ணும் விடுமுறை வீடுகளின் குப்பையை வணிகக் குப்பை என்றே வகைப்படுத்துகின்றன. நீங்கள் கேட்டால் மன்றம் அதை அள்ள ஏற்பாடு செய்ய வேண்டும், ஆனால் அதற்குக் கட்டணம் வாங்கும். தனியார் நிறுவனத்தோடும் நீங்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

இதை அநியாயம் என்று நீங்கள் நினைப்பதற்கு முன் மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், ஆண்டில் 140 நாட்கள் வாடகைக்குக் கிடைக்கும்படி வைத்து, 70 நாட்களாவது உண்மையில் வாடகைக்கு விட்ட வீடு, குடியிருப்பு வரியிலிருந்து வணிக வரிக்கு மாறுகிறது. வேல்ஸில் இதே எண்கள் 252, 182. வரி மதிப்பு 12,000 பவுண்டுக்கு மிகாத சிறு தொழிலுக்கு இங்கிலாந்தில் முழுச் சலுகை உண்டு. ஆகவே தகுதியுள்ள உரிமையாளர் பலர் குடியிருப்பு வரியும் கட்டுவதில்லை, வணிக வரியும் கட்டுவதில்லை. குடியிருப்பு வரி கட்டும் அண்டை வீட்டார், அந்த வரியில் நடக்கும் குப்பை வண்டியில் உங்கள் பையையும் ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நீங்கள் இரண்டில் ஒரு வரியை முழுமையாகக் கட்டுபவராக இருந்தால் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் குப்பைக்குத் தனியே கட்டத்தான் வேண்டும்.

கேள்வி: வீட்டு உரிமையாளரை விட்டுவிட்டு, ஊருக்குள் நுழையும் பயணியிடமே குப்பைக் கட்டணம் வாங்கிவிட்டால் என்ன?

பதில்: புதிய யோசனை அன்று. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, மலைப்பகுதி உள்ளாட்சி அமைப்புகள் நுழைவிடத்தில் பயணிகளிடம் இத்தகைய கட்டணம் விதிக்கலாம் என்று சொல்லியிருந்தன. மலைமேல் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அவை கூறின. குப்பையைக் கீழே சமவெளிக்கு இறக்கும் செலவு மலைநகர்களுக்கே உரிய சுமை என்பதால், அதில் பயணிக்கும் பங்கு இருப்பது பொருத்தமே. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்குவதற்கான வாசலும் இப்போது இருக்கிறது.

குறை என்னவென்றால், காலையில் வந்து மாலையில் திரும்புபவரும் ஐந்து இரவு தங்குபவரும் வாசலில் ஒன்றாகிவிடுகிறார்கள். பொருளின் மீதே கட்டணம் வைப்பது இதைவிடச் சரியாக இலக்கை அடைகிறது: நீலகிரியில் 2022-இல் தொடங்கிய மதுப்புட்டித் திட்டத்தில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். புட்டியைக் காட்டில் எறிபவர் பணத்தை இழக்கிறார். எறியாதவருக்கு எந்தச் சுமையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வாசலில் பயணியிடம் வாங்கிய தொகையை உரிமையாளரின் கட்டணத்தின் மாறும் பகுதியில் கழிக்க வேண்டும். ஒரே பைக் குப்பைக்குப் பயணியிடம் ஒருமுறையும் உரிமையாளரிடம் மறுமுறையும் வாங்கினால், உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். அப்போது இரண்டு முறையும் கட்டுபவர் பயணியாகவே இருப்பார்.