பேபி பவுடரும் ஓவரி கேன்சரும்: அமெரிக்காவுல கேஸ் போடணும்னா முதல்ல என்ன செய்யணும்?

நியூஜெர்சில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர் அக்காவுக்கு போன வருஷம் ஓவரி கேன்சர்னு தெரிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டிருக்கு, மதுரைல இருந்த காலத்துலேர்ந்தே ஜான்சன் பேபி பவுடர்தான், கல்யாணமாகி அமெரிக்கா வந்தப்புறமும் அதேதான், ஃபேஸ்புக்ல "நஷ்டஈடு ரெடி, ஃபார்ம் நிரப்புங்க"ன்னு விளம்பரம் வருது, நம்பலாமா, கேஸ் நிக்குமான்னு கேக்கறார்.

முதல்ல அக்கா சீக்கிரம் தேறி வரணும். பவுடர்ல இருக்கிற டால்க்ங்கிற கனிமத் தூளால கேன்சர் வந்துச்சுங்கிறதுதான் இந்த கேஸ்களோட வாதம். கேஸ் போட வழி இருக்கு தம்பி, ஆனா "ரெடியா இருக்கிற பணம்"னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அந்த கம்பெனி ஒரு துணை கம்பெனிய திவால் கோர்ட்டுக்கு அனுப்பி மொத்தமா செட்டில் பண்ண மூணு தடவை பாத்துது, கடைசியா சுமார் 900 கோடி டாலர் திட்டம், அதையும் 2025 மார்ச் 31ல ஹூஸ்டன் திவால் கோர்ட் நீதிபதி ஏத்துக்கல, அதனால கேஸ் எல்லாம் திரும்ப வழக்கமான கோர்ட்டுக்கே வந்துடுச்சு. ஃபெடரல் கேஸ்கள் எல்லாம் ஒண்ணா சேந்து நடக்கிறது உங்க நியூஜெர்சி மாவட்ட கோர்ட்லதான்.

இப்ப அவசரமான விஷயம் தேதி. நியூஜெர்சில இந்த மாதிரி கேஸுக்கு 2 வருஷம்தான் டைம். நோய்க்கும் பவுடருக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எண்ணலாம்னு ஒரு விதி இருக்கு, ஆனா இதெல்லாம் வருஷக்கணக்கா நியூஸ்ல வந்துச்சே உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு எதிர்த்தரப்பு வாதாடும், அதனால டயக்னோசிஸ் ஆன தேதியையே கணக்கா வெச்சு அதுக்குள்ள வக்கீலைப் பாத்துடுங்க. கீமோ முடியட்டும்னு தள்ளிப்போட்டு தேதிய கோட்டை விட்டா, அப்புறம் கேஸ் எவ்வளவு நல்லா இருந்தாலும் வீண்தான்.

அடுத்தது பயாப்சி ரிப்போர்ட். ஓவரி கேன்சர்லயே பல வகை இருக்கு, இந்த கேஸ்கள் பெரும்பாலும் எபிதீலியல் வகையைச் (ஓவரிய மூடியிருக்கிற மேல்படல செல் வகை) சுத்திதான் நடக்குது, ரிப்போர்ட்ல அதுல ஒரு வகையான "ஹை கிரேட் சீரஸ் கார்சினோமா"ன்னு இருக்கான்னு பாருங்க. ஆபரேஷன்ல எடுத்த திசுவ மெழுகு பிளாக்ல பதிச்சு ஆஸ்பத்திரி லேப்லயே வெச்சிருப்பாங்க, அதுல டால்க் துகள் இருக்கான்னு பின்னாடி நிபுணர் தேடிப் பாக்க முடியும், அதனால அழிச்சுடாதீங்கன்னு லெட்டர் எழுதிக் குடுங்க, ஆனா நீங்களா வாங்கிட்டு வந்து வீட்ல வெச்சுக்காதீங்க. வீட்ல பழைய டப்பா இருந்தா மூடிய திறக்காம ஜிப்லாக் கவர்ல போட்டு வைங்க. தொட்டில் போட்ட அன்னிக்கு எடுத்த போட்டோல ஓரமா பவுடர் டப்பா தெரிஞ்சாக்கூட அது ஒரு ஆதாரம்தான்.

பரம்பரையா கேன்சர் வர்ற வாய்ப்பக் காட்டற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேளுங்க. பாசிட்டிவ்னா கேன்சர் ஜீனால வந்ததுன்னு கம்பெனி சொல்லும், கேஸ் பலவீனமாகும், ஆனா அதுக்கு பயந்து டெஸ்ட்ட தள்ளிப்போடாதீங்க. அக்காவோட பொண்ணுக்கும், ஏன் உங்களுக்குமே, உயிர் காக்கிற தகவல் அது.

அறிவியல் ரெண்டு பக்கமும் இருக்கு. 2024ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை "அனேகமா கேன்சர் உண்டாக்கும்"ங்கிற பிரிவுல வெச்சுது, ஆனா 2020ல சுமார் இரண்டரை லட்சம் பெண்களோட தகவலை வெச்சு வந்த ஆய்வுல தெளிவான தொடர்பு தெரியல, கம்பெனி அதைத்தான் காட்டும். டால்க்ல கேன்சர் உண்டாக்கற ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததுங்கிறது இன்னொரு வாதம், 2019ல அமெரிக்க உணவு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு டப்பால அது இருந்ததா கண்டுபிடிச்சு கம்பெனி அந்த லாட்டையே திரும்ப வாங்கிச்சு. தீர்ப்பும் இப்படித்தான், 2018ல செயின்ட் லூயிஸ்ல 22 பெண்களுக்கு 469 கோடி டாலர்னு ஜூரி சொல்லி அப்பீல்ல பாதிக்கு மேல குறைஞ்சுது, 2013ல சவுத் டகோட்டால கம்பெனி மேல தப்புன்னு சொன்ன ஜூரியே நஷ்டஈடா ஒரு டாலர்கூட குடுக்கல.

மதுரை விஷயத்த வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அமெரிக்காவுல வாங்கிப் போட்ட வருஷங்கள்தான் அங்க கேஸுக்கு பலம், எந்த கடை, எந்த ஊர், எந்த வருஷம்னு அக்கா நினைவுபடுத்திப் பாக்கணும். எங்க கேஸ் போடறோம்ங்கிறதும் முக்கியம், ஓவரி கேன்சர்ல இறந்துபோன அலபாமாவைச் சேர்ந்த ஜாக்குலின் ஃபாக்ஸ் குடும்பத்துக்கு மிசௌரி கோர்ட்ல 2016ல கிடைச்ச 7.2 கோடி டாலர் தீர்ப்பு, அந்த கோர்ட்டுக்கு அதிகாரமில்லன்னு அடுத்த வருஷமே ரத்தாச்சு.

உடம்புல எங்க போட்டாங்க, சானிட்டரி பேட்ல போட்டாங்களா, தினமுமான்னு எதிர் வக்கீல் நேராவே கேப்பார். தம்பி நீங்க கேட்டா அக்காவுக்கு கூச்சமா இருக்கும், உங்க வீட்டம்மாவையோ அக்காவோட தோழியையோ பக்கத்துல உக்காந்து பேசச் சொல்லுங்க. ஃபேமிலி வாட்ஸாப் குரூப்ல இதப்பத்தி எழுதவே வேணாம், கேஸ்ல அதையும் கேட்டு வாங்குவாங்க.

வக்கீலுக்கு முன்பணம் குடுக்கத் தேவையில்ல, இந்த கேஸ்கள்ல ஜெயிச்சா அதுல பங்குங்கிறதுதான் வழக்கம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, செலவக் கழிச்சுட்டு பங்கு எடுப்பாங்களா இல்ல பங்க எடுத்துட்டு செலவக் கழிப்பாங்களா, கேஸ அவங்களே நடத்துவாங்களா இல்ல வேற ஆபீசுக்கு கைமாத்துவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.